மூன்றாவது வரியில் வடிகால்

எங்கள் காலனி ஒரு காலத்தில் முப்போகம் விளைந்த வயல். புது ஆற்றுக்குத் தெற்கே பிளாட் போட்டு விற்றார்கள், நாங்களும் வாங்கி வீடு கட்டினோம். நெல் போய்விட்ட செய்தி தண்ணீருக்கு மட்டும் இன்னும் எட்டவில்லை. ஐப்பசி பிறந்தால் பழைய வாய்க்கால் தடத்திலேயே வந்து, என் வீட்டுக் கூடத்தில் நாலு நாள் தங்கிவிட்டுப் போகும். தெருவோரம் வடிகால் என்று ஒன்று உண்டு. அதில் தண்ணீர் போக வழியைத் தவிர எல்லாம் இருக்கும்.

போன வருடம் எனக்கு ஒரு அவசரம் வந்தது. திருவாரூரில் கட்டிக்கொடுத்த மகளுக்குக் கார்த்திகையில் தலைப்பிரசவம். பெண் தாய்வீட்டுக்கு வருவதுதானே முறை. ஆனால் சம்பந்தியம்மா முந்தைய மழையில் எங்கள் வீட்டுக்கு வந்து, கட்டில்மேல் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு காப்பி குடித்தவர். "வடிகாலைச் சரிபண்ணிட்டா தாராளமா கூட்டிட்டுப் போங்க. இல்லேன்னா புள்ள இங்கேயே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டார். அவர் சொன்னதில் தப்பே இல்லை. அதுதான் என் மனைவிக்குத் தாங்கவில்லை.

ஆனி மாதம் மாநகராட்சியிலிருந்து தகவல் வந்தது. வார்டு வார்டாகப் பகுதி சபை கூடுமாம். மக்கள் தங்களுக்கு வேண்டிய மூன்று வேலைகளை வரிசைப்படுத்தி எழுதித் தரவேண்டுமாம். முதலாவதாக வருவதை மழைக்கு முன்பே முடித்துவிடுவார்களாம். அன்று என் மனைவி சாமி படத்துக்குக் கூடுதலாக ஒரு முழம் பூ போட்டாள்.

எங்கள் நலச்சங்கச் செயலாளர் ஓய்வுபெற்ற தாசில்தார். வருடா வருடம் ஜமாபந்தியில் உட்கார்ந்து மனு வாங்கியே தலை நரைத்தவர். கூட்டத்துக்கு முந்தின நாள் எங்களைத் தன் மொட்டைமாடிக்கு அழைத்துப் பாடம் நடத்தினார்.

"எது வேணுமோ அதை முதல்ல எழுதாதீங்க. முதல் வரியில கேட்டதை எந்த ஆபீசும் கொடுக்காது. நானே கொடுத்ததில்ல. பெருசா ஒண்ணு கேளுங்க, அதை அடிச்சுடுவாங்க. ரெண்டாவதையும் அடிப்பாங்க. பாவமேன்னு மூணாவதுல கையெழுத்துப் போடுவாங்க."

"பெருசான்னா என்னங்க கேக்குறது?" என்றேன்.

"ஆர்ச். காலனி வாசல்ல ஒரு ஆர்ச் கேப்போம்."

யாரும் மறுக்கவில்லை. இங்கே பாதிப் பேர் ஊரில் நிலம் உள்ளவர்கள். கால்வாசிப் பயிர் மூழ்கினால் முழுசும் போச்சு என்று எழுதிப் பழகிய கை எங்களுடையது. உள்ளதை உள்ளபடி எழுதுவது மனுவே இல்லை என்பது எங்கள் திடமான நம்பிக்கை. முதலில் ஆர்ச், அடுத்து பூங்கா, மூன்றாவதாக வடிகால் என்று முடிவாயிற்று.

மறுநாள் கூட்டத்துக்கு மாநகராட்சி உதவிப் பொறியாளர் வந்தார். சின்ன வயசுப் பெண். எங்கள் தெருச் சாக்கடையைத் தாண்டிச் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டுதான் உள்ளே வந்தார்.

"நீங்க முதல்ல எதை எழுதுறீங்களோ அதைத்தாங்க நாங்க முதல்ல செய்வோம்" என்று இரண்டு தடவை சொன்னார். செயலாளர் என்னைப் பார்த்துக் கண் சிமிட்டினார்.

பொறியாளர் தாள்களை வாங்கி ஒவ்வொன்றாகப் படித்தார். ஒன்று பாக்கியில்லாமல் ஆர்ச். அவர் முகம் போன போக்கை இப்போது நினைத்தாலும் எனக்குச் சங்கடமாக இருக்கிறது.

"நான் சாக்கடைத் தண்ணியில நடந்துதாங்க வந்தேன். நீங்க வடிகாலைக் கடைசியில போட்டிருக்கீங்க. மாத்தணும்னா இப்பவே மாத்தி எழுதலாம்."

ஒரே ஒரு வார்த்தை போதும், மகள் வீட்டுக்கு வந்துவிடுவாள். ஆனால் அந்தப் பெண் பேரம் பேசுகிறார், இந்த நேரத்தில் இறங்கினால் கெட்டோம் என்று என் புத்தியில் பட்டது. முப்பது வருடம் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்த புத்தி. எழுந்து நின்றேன்.

"வடிகால் இல்லாம இத்தனை வருஷம் காலம் தள்ளிட்டோம் மேடம். ஆர்ச் இல்லாமத்தான் நாலு பேர் முன்னாடி தலைகாட்ட முடியல."

கைதட்டினார்கள். செயலாளர் தோளில் தட்டிக்கொடுத்தார். வீட்டுக்கு வந்து மனைவியிடம், "வடிகாலுக்காக நல்லாப் பேசியிருக்கேன்" என்றேன். திட்டப்படி பார்த்தால் அது பொய்யும் இல்லை.

புரட்டாசி முடிவதற்குள் ஆர்ச் எழும்பிவிட்டது. சொன்ன நாளைக்கு ஒரு வாரம் முன்பே. "என் சர்வீஸ்ல இப்படி ஒரு அநியாயத்தைப் பார்த்ததில்ல" என்றார் செயலாளர். வடிகால் அடுத்த வருடத்துக்குப் போனது.

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. மகளை அனுப்ப நாள் பார்க்குமுன் வடிகால் நிலவரத்தைப் பார்த்துவிடலாமென்று சம்பந்தியம்மா காரில் வந்தார். கார் ஆர்ச்சுக்கு அடியிலேயே நின்றுவிட்டது. அதற்கு இப்பால் எல்லாம் தண்ணீர். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அவரிடம் போனேன். அவர் கண்ணாடியை இறக்கி அண்ணாந்து பார்த்தார்.

"ரொம்ப லட்சணமா இருக்குங்க" என்றார். பிறகு, "புள்ளையப் பத்திக் கவலைப்படாதீங்க. நாங்க பாத்துக்கிறோம்." அதில் கிண்டலே இல்லை. இருந்திருந்தால் கோபமாவது பட்டிருப்பேன்.

அன்று மத்தியானமே அந்தப் பொறியாளர் மோட்டார் பம்போடு வந்தார். என் வீட்டு வாசல் தண்ணீரில் நின்றபடி, "அன்னைக்கு அவ்வளவு கேட்டேனே சார். நீங்க எந்திரிச்சுப் பேசலேன்னா நானே மாத்தி எழுத வெச்சிருப்பேன்" என்றார்.

என் மனைவி பின்னால் கட்டில்மேல் உட்கார்ந்திருந்தாள். எல்லாம் அவள் காதில் விழுந்தது. குழந்தைக்காகத் துவைத்துக் காயவைத்திருந்த பழைய வேட்டித் துணிகளையும் இடித்து வைத்திருந்த பிரசவ மருந்தையும் ஒரு பையில் போட்டுக் கட்டினாள். தாய்வீட்டுக்கு மகள் வர முடியாவிட்டால் மகள் வீட்டுக்குத் தாய் போவது என்று அவளே முடிவுசெய்துகொண்டாள்.

"ஆட்டோ ஆர்ச்சைத் தாண்டி வராதாம். அதுவரைக்கும் இதைத் தூக்கிட்டு வாங்க" என்றாள்.

பையைத் தலையில் வைத்துக்கொண்டு அவள் பின்னாலேயே நடந்தேன். எனக்கு அழுகையாக வந்தது. ஆட்டோவில் ஏறிப் போகும்வரை அவள் என்னைத் திட்டவே இல்லை. திட்டியிருக்கலாம்.