ஏரிக்கு நடுவில் தொங்கிய கோமாளி

எங்கள் ஓசூர் கம்பெனியில் நான்தான் ஆஸ்தான கோமாளி. மெஷின் நின்றாலும் என் வாய் நிற்காது. அந்த வாய்தான் ஒருநாள் என்னை அந்தரத்தில் தொங்கவிட்டது.

கம்பெனியில் எல்லாரையும் குடும்பத்தோடு அஞ்செட்டி பக்கம் ஒரு ரிசார்ட்டுக்குக் கூட்டிப்போனார்கள். அங்கே ஏரிக்கு மேலே, கம்பியில் தொங்கியபடி கரைக்குக் கரை சறுக்கிப் போகும் ஜிப்லைன். உட்கார்ந்து போகலாம், ஜோடியாகப் போகலாம், பறவை மாதிரி குப்புறப் படுத்தும் போகலாம்.

“ஜோடியா போலாங்க, எனக்கும் ஆசையா இருக்குது” என்றாள் என் மனைவி ஸ்டெல்லா.

“உன் வெயிட்டுக்குக் கம்பி அறுந்துரும்டி!”

எல்லாரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு தந்த தெம்பில் குப்புறப் படுத்தேன்.

“கையை விரிக்காதீங்க சார், காத்து தடுத்துப் பாதியில நின்னுடுவீங்க” என்றார் பெல்ட் மாட்டியவர்.

கூட்டத்துக்கு டாட்டா காட்ட வேண்டாமா? விரித்தேன். என் ஒல்லி உடம்பு நடு ஏரியில் நின்றுவிட்டது. கண்ணுக்கு நேர் கீழே தண்ணீர். திரும்பக்கூட முடியவில்லை.

“காப்பாத்துங்கடா!” என்று அலறினேன்.

கரையில் கைதட்டல். “அண்ணன் நடிப்பைப் பாருடா!” பெல்ட் மாட்டியவரும் சிரித்துக்கொண்டே வீடியோ எடுத்தார்.

“மாதாவே!” என்று அழுதேன். விசில் பறந்தது.

ஸ்டெல்லா மட்டும் எழுந்துவிட்டாள். “சிரிக்காதீங்க! அந்த மனுசன் மாதாவை வெச்சு ஜோக் அடிக்கமாட்டாரு!”

அப்புறம்தான் பெல்ட்காரர் கம்பியைப் பிடித்து ஊர்ந்து வந்து என்னைக் கரைக்கு இழுத்துப்போனார்.

இன்று யார் கேட்டாலும் ஜோடியாகப் போகச் சொல்கிறேன். நம் அலறல் நிஜம் என்று தெரிந்த ஒரு ஆள் பக்கத்தில் தொங்கட்டும்.