யாரும் கேட்காததைச் சொல்ல வந்தவர்

செவ்வாய்க்கிழமை காலை நீதிமன்றத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது பீளமேட்டிலிருந்து தொலைபேசி வந்தது. துளசிமணியம்மா காலமாகிவிட்டார் என்று அவருடன் மில்லில் வேலை பார்த்த பெண் சொன்னார். அன்றைக்கு இருந்த இரண்டு வழக்குகளுக்கும் வாய்தா கேட்டுவிட்டுப் போனேன்.

அவரை அறியாதவர்களுக்குச் சொல்ல வேண்டும். உடுமலைப்பேட்டைப் பக்கம் பிறந்தவர். பெற்றோர் போனபின் தம்பி ஆறுச்சாமியைத் தம்முடனேயே வைத்துக்கொண்டவர். அந்தத் தம்பிதான், தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஒரு காலையில், அக்காவின் கணவர் தங்கவேலை அரிவாளால் வெட்டிக் கொன்றார். நேரில் பார்த்த ஒரே சாட்சி துளசிமணியம்மா. அவர் சாட்சியத்தின்பேரில் தம்பிக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது.

சில மாதங்கள் கழித்து என் அலுவலகத்துக்கு வந்தார். தம்பிக்காகவா வந்தீர்கள் என்று கேட்டேன்.

“எனக்காகத்தானுங்க வந்தேன். கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லோணும்னாங்க. வெட்டுனது யாருன்னு கேட்டாங்க, சொல்லிப்போட்டேன். அன்னிக்கு அவன் எப்படி இருந்தான்னு யாருமே கேக்கலைங்க.”

தண்ணீரில் விஷம் இருக்கிறது என்று இரண்டு வருடமாக ஆறுச்சாமி சொல்லிக்கொண்டிருந்தாராம். அன்று மாமனையும் அடையாளம் தெரியவில்லை, அக்காவையும் தெரியவில்லை. மனநல சிகிச்சைக்கு அரசு மருத்துவமனையில் கொடுத்த சீட்டு ஒன்றைக் காட்டினார். மை மங்கியிருந்தது. இது போதாது, விட்டுவிடுங்கள் என்று சொல்லித்தான் அனுப்பினேன். இன்று அதை எழுத வெட்கமாக இருக்கிறது. ஷிப்ட் முடிந்து நாள்தோறும் அந்த மருத்துவமனைக்கு நடந்து, பழைய பதிவேட்டின் நகலை வாங்கிக்கொண்டு திரும்பி வந்தார்.

மேல்முறையீடு செய்தோம். கணவரின் அண்ணன், இனி எங்கள் வாசல்படி மிதிக்காதே என்று சொல்லிவிட்டார். “அவங்க கோவம் நாயமானதுங்க” என்பார் துளசிமணியம்மா.

உயர் நீதிமன்றம் தண்டனையை ரத்து செய்து மறுவிசாரணைக்கு உத்தரவிட்டது. மீண்டும் அதே கூண்டில் ஏறினார். புருஷனைக் கொன்றவனைக் காப்பாற்றப் பார்க்கிறீர்களா என்று அரசு வழக்கறிஞர் கேட்டார்.

“அவன் வெட்டலைன்னு நான் சொல்லலைங்க. அன்னைக்கும் சொல்லலை, இன்னைக்கும் சொல்லலை. அவனுக்குப் புத்தி நெலையில்லைங்க. அதையும் எழுதிக்கோங்க.”

தான் செய்வது இன்னதென்று அறியாத நிலையில் செய்த கொலை என்று நீதிபதி தீர்ப்பளித்தார். ஆறுச்சாமி சென்னை மனநல மருத்துவமனைக்கு அனுப்பப்பட்டார். மாதம் தவறாமல் சோறு கட்டிக்கொண்டு இவர் ரயிலேறினார். ஒருமுறை நானும் உடன் போயிருந்தேன். மருந்தில் ஆறுச்சாமி தெளிந்திருந்தார். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் கையை நிறுத்திவிட்டு, “அக்கா, மாமனை நாந்தான் கொன்னனா?” என்று கேட்டார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

“ஆமாங் கண்ணு” என்றார் துளசிமணியம்மா. சோற்றைத் தம்பி பக்கம் நகர்த்திவைத்து, “சாப்புடு” என்றார்.

கடைசி ஆறு மாதம் வயிற்றில் கட்டியோடுதான் அந்தப் பயணங்களைச் செய்திருக்கிறார். எங்கள் யாரிடமும் சொல்லவில்லை.

சுடுகாட்டில் மில் பெண்கள் சிலரும் நானும் நின்றிருந்தோம். தம்பியை அழைத்துவர அனுமதி கிடைக்க நாளாகும். கொள்ளி வைக்க ஆளில்லையே என்று பேச்சு எழுந்தபோது, தூரத்தில் வேப்பமரத்தடியில் நின்றிருந்த முதியவர் ஒருவர் சட்டையைக் கழற்றிக்கொண்டே வந்தார். கணவரின் அண்ணன்.

“எங்கூட்டுப் புள்ளைதானுங்க. நான் வெக்கறேன்” என்றார். பக்கத்திலிருந்தவர் நீட்டிய கொள்ளியை வாங்கிக்கொண்டார்.

வரும் ஞாயிறு ஆறுச்சாமியைப் பார்க்கச் சென்னை போகிறேன். அவர் கேட்பதற்கெல்லாம் உள்ளதை உள்ளபடியே சொல்வேன், துளசிமணியம்மா. நீங்கள் நிம்மதியாகப் போங்கள்.