லேபிள் இல்லாத போத்தல்

கொரோனா அடங்கிய பிறகு வந்த முதல் மாரி காலம் அது. எங்கள் கல்முனைக்குடியிலிருந்து தெற்கே, பஸ்ஸில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் போனால், கடற்கரையோரம் வெள்ளைக்காரர்கள் வந்து தங்கும் ஒரு ஹோட்டல். அங்கேதான் எனக்கு வேலை. என்ன வேலை என்று சொன்னால் சிரிப்பீர்கள். பிரெஞ்சு வைன் போத்தலைத் திறந்து, கிளாஸில் ஊற்றி, அதில் என்னென்ன மணம் இருக்கிறது என்று விருந்தாளிகளுக்கு எடுத்துச் சொல்வது.

ஒரு சொட்டும் என் வாயில் பட்டதில்லை. எல்லாம் மூக்கால்தான். இப்படி ஒரு வேலை செய்யலாமா என்று ஊரில் பலர் கேட்டிருக்கிறார்கள். அதற்கு நான் பதில் சொல்ல வேண்டிய இடம் வேறு. அதை இங்கே இழுக்கவில்லை. ஆனால் என் மூக்கைப் பற்றி எனக்குத் தலைக்கனம் இருந்தது உண்மை. போர்தோ வைன் என்றால் அப்போதுதான் சீவிய பென்சில், நாவற்பழம், சுருட்டுப் பெட்டி. பர்கண்டி என்றால் மழைக்குப் பிறகு மரத்தடியில் ஊறிக் கிடக்கும் இலைச்சருகு. குடிக்கிறவர்களை விடக் குடிக்காத எனக்குத்தான் வைனைப் பற்றி அதிகம் தெரியும் என்று பெரிய ஆள் போலச் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

கொரோனா காய்ச்சல் வந்தது, போனது. போகும்போது மூக்கையும் கொண்டுபோய்விட்டது. ஒரு நாள் வீட்டில் பால் அடிப்பிடித்துக் கருகியிருக்கிறது. நான் பக்கத்திலேயே உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். மனைவி ஓடிவந்து அடுப்பை அணைத்துவிட்டு, "வீடெல்லாம் தீஞ்ச மணம். நீங்க இதுக்குள்ளயே இரிக்கீங்களே" என்று என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். அன்று மகளைத் தூக்கி அவள் தலையில் மூக்கை வைத்துப் பார்த்தேன். ஒன்றுமில்லை. பிள்ளை சிரிக்கிறாள், நான் தண்ணீருக்கு அடியில் இருந்து அவளைப் பார்ப்பது போல இருந்தது.

கொரோனாவில் மூடிய ஹோட்டலை மறுபடி திறந்ததும் கூப்பிட்டார்கள். மூக்கு இல்லை என்று சொன்னால் வேலை இல்லை. சொல்லாமல் போனேன்.

பயந்துகொண்டே முதல் போத்தலைத் திறந்தேன். லேபிளைப் பார்த்து, பழைய ஞாபகத்தில் இருந்ததைச் சொன்னேன். எல்லோரும் தலையாட்டினார்கள். அடுத்த நாளும் அப்படித்தான். ஒருமுறை, என்ன வருகிறது பார்ப்போமே என்று, கராம்பு வாசமே இருக்க முடியாத ஒரு வெள்ளை வைனில் கராம்பு இருக்கிறது என்றேன். அந்த மேசையில் நான்கு பேர். நான்கு பேரும் கண்ணை மூடி மணந்துவிட்டு, கராம்பு இருக்கிறது என்றார்கள். அதில் ஒருவர், கொஞ்சம் அதிகமாகவே இருக்கிறது என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை, பயம்தான் வந்தது. அதற்குப் பிறகு கிளாஸைக் கையில் எடுக்கும்போதெல்லாம் உள்ளே எதையோ ஒளித்துவைப்பவன் நான்தான் என்று தோன்றும்.

மாரி தொடங்கியதும் ஆட்கள் குறைந்துவிட்டார்கள். ஒரு கிழமை முழுவதும் ஒரேயொரு விருந்தாளிதான். பிரான்ஸிலிருந்து தனியாக வந்திருந்த, எழுபது வயது தாண்டிய ஒரு பெண்மணி. கடல் சாம்பல் நிறத்தில் கிடந்தது. இருபது மேசைகள் வெறுமையாக இருக்கும் மண்டபத்தில் அவர் ஒருவர் மட்டும் உட்கார்ந்து சாப்பிடுவார். நான் ஏன் குடிப்பதில்லை என்று ஒருநாள் விசாரித்தார். மார்க்கத்தில் கூடாது என்றேன். அதை மனதில் வைத்துக்கொண்டார் என்பது எனக்கு அப்போது தெரியவில்லை.

அவர் பிரான்ஸுக்குத் திரும்புவதற்கு முதல் நாள் பின்னேரம், கம்பளிச் சட்டையில் சுற்றிய ஒரு போத்தலைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். லேபிள் இல்லை. திறக்கச் சொன்னார், இரண்டு கிளாஸில் ஊற்றச் சொன்னார். ஒன்றை என் பக்கம் தள்ளிவிட்டு, இதில் என்ன இருக்கிறது என்று ஒன்றும் விடாமல் சொல்லும்படி கேட்டார்.

கிளாஸைச் சுழற்றி மூக்கை வைத்தேன். கண்ணாடியின் குளிர்ச்சி மட்டும் மூக்கில் பட்டது. பிடித்துக்கொள்ள லேபிளும் இல்லை. எனக்கு மணம் தெரிவதில்லை என்று அந்த இடத்தில் நான் சொல்லியிருக்க வேண்டும். வாய் வேறு எதையோ சொல்லத் தொடங்கிவிட்டது.

செர்ரிப்பழம் என்றேன். ஈர இலை என்றேன். இன்னும் சொல் என்றார். படித்து வைத்திருந்த சொற்கள் தீர்ந்துபோயின. கடைசியில், நாவிதன்வெளியில் என் மாமனாரின் வயலை நினைத்துக்கொண்டு, அறுவடை முடிந்த வயலில் மழை பட்ட வைக்கோல் வாசம் என்றேன். அவர் தன் கிளாஸுக்குள் முகத்தைப் புதைத்து, கண்ணை மூடியபடி, "வைக்கோல், ஆமாம், வைக்கோல். பீப்பாய்களுக்குப் பக்கத்திலேதான் மாட்டுத் தொழுவம் இருந்தது" என்றார். மண்டபத்தில் எங்கள் இருவரைத் தவிர யாருமில்லை. ஆனால் மூன்றாவதாக ஒருவர் வந்து உட்கார்ந்துவிட்டது போல இருந்தது.

பிறகு கண்ணைத் திறந்து, கெட்ட மணம் ஏதாவது, பூஞ்சணம் மாதிரி ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார். இல்லை என்றேன். நிச்சயமாகவா என்று மறுபடியும் கேட்டார். நிச்சயமாக இல்லை, சுத்தமாக இருக்கிறது என்றேன்.

அவர் அழத் தொடங்கினார். அழுது முடித்துவிட்டு மெதுவாகச் சொன்னார். போத்தலில் இருந்தது அவருடைய கணவர் செய்த கடைசி வைன். கணவருக்கு வயதாகி மூக்கு மந்தமான பிறகு, இந்த அம்மாவின் மூக்கை நம்பித்தான் அவர் தொழில் நடந்திருக்கிறது. பீப்பாயிலிருந்து ஒவ்வொரு கிளாஸாகக் குசினிக்குக் கொண்டுவருவாராம், இவர் மணந்து பார்த்து நல்லது, கெட்டது சொல்வாராம். அந்தக் கடைசி வருடம் இவருக்கும் அதே காய்ச்சல் வந்து மூக்கு போய்விட்டது, இன்றுவரை திரும்பவில்லை. நோயோடு நடமாடிய மனிதரிடம் அதைச் சொல்ல மனமில்லாமல், கொண்டுவந்த கிளாஸையெல்லாம் நல்லது, நல்லது என்று சொல்லிவிட்டார். அவர் அதை நம்பிப் போத்தலில் அடைத்துவிட்டுக் கண்ணை மூடி மௌத்தாகிவிட்டார்.

ஒரு கிளாஸுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மணமே தெரியாத இரண்டு பேர். அதில் ஒருவர் உண்மையைச் சொல்லிவிட்டார்.

"எங்கள் ஊரில் கேட்டால் இரக்கப்பட்டு நல்லது என்பார்கள்" என்றார் அவர். "நீ குடிக்காதவன். என்னைத் தெரியாதவன். நீ பொய் சொல்ல ஒரு காரணமும் இல்லை."

ஊருக்குப் போனதும் நிலவறையைத் திறந்து, கணவரின் கூட்டாளிகள் எல்லோரையும் அழைத்து, அவர் நினைவாக அந்த வைனை ஊற்றிக் கொடுக்கப் போவதாகச் சொன்னார். நான் கிளாஸ்களை எடுத்துக்கொண்டு குசினிக்குப் போனேன்.

சமையல்காரன் சம்மாந்துறை ஆள், நெல் ஆலைகளுக்கு நடுவே வளர்ந்தவன், என்னை அண்ணன் முறையில் காக்கா என்பான். கிளாஸைக் கழுவ வாங்கியவன் முகத்தைச் சுளித்தான்.

"என்ன காக்கா இது, ஈரச்சாக்கு மணக்குது. நனைஞ்சி பூஞ்சணம் புடிச்ச நெல்லுச்சாக்கு."

நன்றாகப் பார்த்துச் சொல் என்றேன். போத்தலையும் கொடுத்தேன். அவன் எட்டத்தில் வைத்தே மணந்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டான்.

"ஓம் காக்கா, அதேதான். ஒங்களுக்கு மணக்கல்லயா?"

அன்று அந்திநேர மஃரிப் தொழுகையில் எத்தனை ரக்அத் தொழுதேன் என்று எனக்கே குழம்பிவிட்டது. பேசாமல் விட்டுவிடலாம், பாவம், நிம்மதியாகப் போகட்டும் என்று ஒரு மனம் சொன்னது. அந்த மனம் என் வேலையையும் சேர்த்துத்தான் காப்பாற்றப் பார்க்கிறது என்று எனக்குத் தெரியும். மௌத்தான தன் கணவரின் மானத்தை அந்த அம்மா என்னை நம்பி அமானிதமாகத் தந்திருக்கிறார். நான் அதைப் பூஞ்சணத்தோடு அவருடைய கூட்டாளிகளின் மேசைக்கு அனுப்பப் போகிறேன்.

மறுநாள் காலை, பெட்டிகளை வேனில் ஏற்றும்போது போய்ச் சொன்னேன். எனக்கு மூக்கு இல்லை, நேற்றுச் சொன்னது முழுவதும் பொய், மணம் தெரிந்த ஒருவன் பூஞ்சணம் என்று சொல்லிவிட்டான். மூன்றையும் ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன். ஏசுவார் என்று நினைத்தேன். ஏசவில்லை. மழையில் நனையும் கடல் பக்கம் திரும்பிக்கொண்டார். வேன்காரர் ஹோர்ன் அடித்த பிறகுதான் என் பக்கம் திரும்பினார்.

"நீ வைக்கோல் என்று சொன்னபோது எனக்கு மணத்தது" என்றார். "இத்தனை மாதத்தில் முதல் முறையாக, உண்மையாகவே மணத்தது. அது எங்கிருந்து வந்தது?"

பதிலுக்குக் காத்திருக்காமல் வேனில் ஏறிப் போய்விட்டார். நிலவறையைத் திறந்தாரா, போத்தல்களை என்ன செய்தார், எதுவும் தெரியாது. அன்றே முதலாளியிடம் விஷயத்தைச் சொல்லிவிட்டு ஊருக்கு வந்துவிட்டேன். இப்போது பஸாரில் புடவைக்கடை ஒன்றில் நிற்கிறேன். மூக்கு பாதி திரும்பியிருக்கிறது, வைக்கோல் வாசம் மட்டும் இன்னும் வரவில்லை.

தெரியாததைத் தெரியாது என்று சொல்ல இப்போது எனக்கு வெட்கமில்லை. ஆனாலும் அந்த வயதான பெண் தன்னை மன்னித்துக்கொண்டு தூங்கியது அந்த ஒரே இரவுதான், அதைக் கொடுத்தவனும் காலையில் பறித்தவனும் நான்தான் என்ற நினைப்பு இன்றைக்கும் என்னை விடுவதாக இல்லை.