சுண்ணாம்பு என்று நினைத்த வெள்ளை

ஈரச் சுண்ணாம்பு வாசனை எங்காவது வந்தால், இன்றும் என் தம்பி சேகரின் வாய்தான் ஞாபகம் வருகிறது. "எழுதுக்கா, நாலு பேருக்கு தெரியட்டும்" என்று அவனே சொன்னதால் எழுதுகிறேன்.

அப்போது அவன் பண்ருட்டியிலிருந்து முந்திரி லோடு ஓட்டிக்கொண்டிருந்தான். கடலூரில் என் வீட்டில்தான் ஜாகை. அவன் உடம்பில் எச்.ஐ.வி. இருப்பது எங்கள் இருவருக்கு மட்டுமே தெரியும். மாத்திரை போட்டுக்கொண்டு பல வருடம் நன்றாகத்தான் இருந்தான்.

நான் படித்த கான்வென்ட்டில் தினமும் காலையில் சிஸ்டர்கள் நகமும் பல்லும் பார்ப்பார்கள். அந்தப் பழக்கம் என்னை விடவில்லை. ஒருநாள் அவன் நாக்கு வெளேரென்று இருந்ததைக் கவனித்தேன்.

"சுண்ணாம்பு ஜாஸ்தியா போச்சுக்கா. வாய் வெந்துடுச்சு."

நம்பினேன். வெற்றிலைப் பொட்டலத்தைப் பிடுங்கிக் குப்பையில் போட்டேன். நாக்கில் நெய் தடவச் சொன்னேன்.

மூன்று வாரம்... வெற்றிலை போனது, வெள்ளை போகவில்லை. சாயங்காலமானால் காய்ச்சல். பெல்ட்டில் புதிதாக ஓட்டை போட்டான். ஒருநாள் ரசம் சாதத்தை விழுங்கும்போதே வலியில் கண் கலங்கினான். அப்போதுதான் டாக்டரிடம் கூட்டிப்போக முடிவு செய்தேன்.

கடலூரில் என்னைத் தெரியாதவர்கள் இல்லை. அந்தக் கௌரவத்துக்காகச் சிதம்பரத்துக்கு பஸ் ஏறினேன். வழி முழுக்க அவன் தலை என் தோளில். அனல்.

டாக்டர் சின்னப் பெண். அவன் எச்.ஐ.வி. விவரத்தைச் சொன்னேன். மரக்குச்சியால் நாக்கைச் சுரண்டினார். தயிர்போல வந்தது. அடியில் ரத்தச் சிவப்பு.

"சுண்ணாம்புன்னா இந்நேரம் ஆறியிருக்கும்மா. இது காளான் தொத்து, தொண்டைக்கும் கீழ எறங்கிடுச்சு. மாத்திரைய எப்ப நிறுத்துனாரு?"

நான் அவனைப் பார்த்தேன். அவன் தரையைப் பார்த்தான்.

"நல்லாத்தானக்கா இருந்தேன்... எட்டு மாசம் ஆவுது."

ரத்தப் பரிசோதனையில், எதிர்ப்புச் சக்தியைக் காட்டும் சிடி4 அணுக்களின் எண்ணிக்கை இருநூறுக்கும் வெகு கீழே. இதுவரை கிருமி மட்டும்தான் இருந்தது, இப்போது எய்ட்ஸ் நிலைக்கு வந்துவிட்டது என்றார். பிழைப்பானா என்று நான் கேட்பதற்குள் அவராகவே சொன்னார்.

"காப்பாத்திடலாம்மா. ஆனா இனிமே ஒரு நாள்கூட விடக்கூடாது."

இப்போது அவன் காட்டுமன்னார்கோயிலில் ரைஸ்மில் மேஸ்திரி. தினமும் காலை எட்டு மணிக்கு வீடியோ கால். என் கண்ணெதிரே மாத்திரையை விழுங்கி, நாக்கை நீட்டிக் காட்ட வேண்டும்.

"அறுவது வயசுல நாக்க நீட்ட வச்சிட்டியேக்கா" என்பான்.

இன்று காலை நீட்டினான். வெற்றிலைச் சிவப்பு, விளிம்புவரை. வெள்ளை துளியும் இல்லை.

பார்த்தேன்... திட்டவில்லை.