ஜிர்கடாங்கில் முருகன் மூடிய வழி

நான் பிறந்த ஊரிலேயே நான் சட்டவிரோதமாகத் தங்கியிருந்தேன். அது எனக்கே தெரியாது. தெரிந்தபோது கையில் டீ கிளாஸ் இருந்தது. எப்படிக் கீழே விழாமல் இருந்தது என்று இன்றுவரை புரியவில்லை.

சனிக்கிழமை பஜனையில் என்னோடு உட்கார்ந்து தாளம் தப்பும் அன்பர்களே, இதை உங்கள் முன்னால் எழுந்து நின்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. அதனால்தான் எழுதுகிறேன். எழுதும்போது யாரும் என் முகத்தைப் பார்ப்பதில்லை.

என்னை உங்களுக்குத் தெரியும். ஆக்லாந்தில் நம் தமிழர் கூட்டங்களில் வருடா வருடம் மேடையேறி, பாஸ்போர்ட், குடியுரிமை, வரி இவற்றில் தவறு செய்யாமல் இருப்பது எப்படி என்று முழங்குகிறவன் நான்தான். ஊரில் வீட்டு வாடகை வந்தால் எந்த நாட்டில் எப்படிக் காட்ட வேண்டும், நியூசிலாந்துக் குடிமகன் ஆனதும் இந்தியப் பாஸ்போர்ட்டை எப்படி ஒப்படைக்க வேண்டும், இந்தியாவுக்கு வந்துபோக உதவும் ஓ.சி.ஐ. அட்டையை எப்படிக் கண்ணுங்கருத்துமாக வைத்திருக்க வேண்டும், எல்லாம் என் வாயில் வரிசையாக வரும். கூட்டம் முடிந்ததும் நீங்கள் என்னைச் சூழ்ந்துகொண்டு சந்தேகம் கேட்பீர்கள். நான் புன்னகையோடு பதில் சொல்வேன். அந்தப் புன்னகையை இப்போது நினைத்தால் எனக்கே ஒரு அறை விடத் தோன்றுகிறது.

போன வைகாசியில் ஊருக்குப் போனேன். அந்தமான். போர்ட் பிளேரில் பிறந்து, அதே ஊரின் டாலிகஞ்ச் பகுதியில் வளர்ந்தவன் நான். அப்பா ராமநாதபுரத்திலிருந்து கட்டட வேலைக்கு வந்தவர். இப்போது ஊரின் பெயரையே ஸ்ரீ விஜயபுரம் என்று மாற்றிவிட்டார்கள். ஊரே பெயரை மாற்றிக்கொள்கிறது, நான் குடியுரிமையை மாற்றிக்கொண்டதில் என்ன தப்பு என்று விமானத்தில் நினைத்துச் சிரித்துக்கொண்டேன். அந்தப் பயணத்தில் நான் சிரித்த கடைசிச் சிரிப்பு அது.

போன காரணம் என் அக்கா மகள் கயலின் கல்யாணம். அக்கா மாயாபந்தரில் இருக்கிறாள். போர்ட் பிளேரிலிருந்து வடக்கே, ஒரு முழுப் பகல் பயணம். அத்தான் போனபிறகு தையல் மிஷினை மிதித்தே கயலைப் படிக்க வைத்தவள். அவளுக்குத் தம்பி என்று நான் ஒருவன்தான். எங்கள் வழக்கத்தில் தாய்மாமன்தான் பெண்ணின் நெற்றியில் பட்டம் கட்டி, கையைப் பிடித்து மணவறைக்கு அழைத்து வர வேண்டும். அதற்கப்புறம்தான் தாலி. தாய்மாமன் இல்லாவிட்டால் பங்காளி வீட்டில் யாரையாவது நிற்க வைப்பார்கள். ஆனால் ஊர் அதை மறக்காது. அக்காவும் மறக்கமாட்டாள்.

விமானம் இறங்கியபோது நல்ல மழை. வெளியே போகும் வழியில் ஒருவர் கூட்டத்தைப் பிரித்து அனுப்பிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்து, "லோக்கல்?" என்றார்.

"லோக்கல்," என்றேன். நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன். எங்கள் தீவு இந்தியிலேயே மழையைப் பற்றி இரண்டு வார்த்தை பேசிவிட்டு வெளியே வந்தேன். வெளிநாட்டுப் பாஸ்போர்ட் வைத்திருக்கிறவர்கள் அங்கேயே ஒரு கவுண்டரில் பதிந்துவிட்டுத்தான் தீவுக்குள் கால் வைக்க வேண்டும். அந்தக் கவுண்டரை நான் பார்த்தேன். ஒரு வெள்ளைக்கார ஜோடி முதுகுப் பையோடு நின்றிருந்தது. பாவம், இவர்களுக்கு எவ்வளவு தொல்லை என்று இரக்கப்பட்டுக்கொண்டே கடந்தேன்.

சத்தியமாகச் சொல்கிறேன், அது எனக்கான வரிசை என்று எனக்குத் தோன்றவே இல்லை.

இரண்டு நாள் டாலிகஞ்சில் பழைய வீட்டில் இருந்தேன். மீன் சாப்பிட்டேன். சேலை, மாலை எல்லாம் வாங்கினேன். மாயாபந்தருக்குத் தன் காரில் கூட்டிப் போகிறேன் என்றான் தபன். பள்ளிக்கூடத்தில் என்னோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்த வங்காளி. மதியம் டீக்கடையில் உட்கார்ந்து, வழியில் செக்போஸ்ட்டில் கொடுக்க விவரம் எழுதிக்கொண்டிருந்தான்.

"ஆதார் தே, யார்," என்றான். ஆதாரைக் கொடு, தோழா என்று அர்த்தம்.

"ஆதார் இல்லடா. இந்தா," என்று பாஸ்போர்ட்டைக் கொடுத்தேன்.

கறுப்பு அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "யே க்யா ஹை? என்ன இது?"

"பாஸ்போர்ட்."

"நீ ஃபாரினரா?" அவன் குரலில் டீக்கடையே திரும்பிப் பார்த்தது. "ஏர்போர்ட்ல எண்ட்ரி போட்டியா? காகிதம் எங்கே?"

டீ கிளாஸைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். பதியாமல் தங்கினால் நாட்டை விட்டு அனுப்பலாம். ஓ.சி.ஐ. அட்டையை ரத்து செய்யலாம். மறுபடி உள்ளே வரவே முடியாதபடி கறுப்புப் பட்டியலில் போடலாம். இதையெல்லாம் எனக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. மேடையில் நான் சொல்வதுதானே. பின்வரிசை வரை கேட்கும்படி சொல்வேன்.

தபன்தான் முதலில் தெளிந்தான். "உன் பழைய ஐலேண்டர் கார்டு இருக்கா?" என்றான். தீவுக்காரர்களுக்குக் கப்பலில் சலுகை டிக்கெட் தருவதற்காகக் கொடுக்கும் அட்டை. பர்ஸில் இருந்தது. இத்தனை வருடமும் சாமி படம் மாதிரி வைத்திருந்தேன். "போதும். அதைக் காட்டு. வாயைத் திற, இந்தி பேசு. உன் மூஞ்சியைப் பார்த்து ஃபாரினர்னு எவன் சொல்வான்?"

அந்த அட்டையைக் காட்டும் உரிமை குடியுரிமை மாறிய அன்றே போய்விட்டது. தெரியும். ஆனாலும் தலையாட்டினேன்.

அன்று சாயங்காலம் குன்றின் மேலிருக்கும் முருகன் கோயிலுக்குப் போனேன். அர்ச்சனைக்குக் குருக்கள் பெயர் கேட்டார், நட்சத்திரம் கேட்டார். எந்த நாடு என்று கேட்கவில்லை. உலகத்தில் என்னிடம் பாஸ்போர்ட் கேட்காத ஒரே கவுண்டர் அதுதான். கண்ணில் தண்ணீர் முட்டிவிட்டது. ஐம்பது வயதைத் தாண்டியவன், நாலு புத்தகம் படித்தவன், தூணைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

என்ன வேண்டினேன் என்பதையும் மறைக்கக்கூடாது. "முருகா, யார் கண்ணிலும் படாமல் என்னை மாயாபந்தருக்குக் கொண்டு சேர்த்துவிடு. வழியை மட்டும் திறந்து வை. மீதியைக் கல்யாணம் முடிந்து பார்த்துக்கொள்கிறேன்." உண்மையாக இருக்க உதவி செய் என்று கேட்கவில்லை. ஒளிய உதவி செய் என்றுதான் கேட்டேன்.

மறுநாள் இருட்டோடு கிளம்பினோம். ஜராவா பழங்குடியினர் வாழும் காட்டை ஊடுருவித்தான் வடக்கே போக வேண்டும். தனியாகப் போகமுடியாது. ஜிர்கடாங் செக்போஸ்ட்டில் வண்டிகளை வரிசையாக நிறுத்தி, பெயர் சரிபார்த்து, போலீஸ் துணையோடு ஒன்றாக அனுப்புவார்கள். எங்களுக்கு முன்னால் நிறைய வண்டிகள். மழை கொட்டிக்கொண்டிருந்தது. ஐலேண்டர் கார்டைக் கையில் பிடித்திருந்தேன்.

ஒரு போலீஸ்காரர் மழைக்கோட்டோடு வண்டி வண்டியாக வந்தார். எங்கள் கண்ணாடியைத் தட்டினார்.

"ஆகே பஹாட் கிர் கயா. ரோடு பந்த். வாபஸ் ஜாவ்."

முன்னால் மலை சரிந்து ரோட்டில் விழுந்துவிட்டதாம். இன்று யாருக்கும் வழி இல்லை. திரும்பிப் போகச் சொன்னார்.

கல்யாணம் நாளை மறுநாள். கடல் கொந்தளிப்பால் கப்பலும் இல்லை. நான் முருகனைத் திட்டினேன். எழுத முடியாத வார்த்தைகளில் திட்டினேன். வழியைத் திற என்று கேட்டவனுக்கு மலையைத் தூக்கிக் குறுக்கே போடுகிறாயே, இதுதான் உன் நியாயமா? குன்றில் குடியிருக்கிறவனுக்கு ஒரு மலையைப் பிடித்து வைக்கத் தெரியாதா? தபன் ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டே, "யார், மெதுவா. பகவான் இருக்கார்," என்றான்.

திரும்பும் வழியில் அக்கா போன் செய்தாள்.

"எங்கடா இருக்க? வந்துட்டியா?"

சொல்லிவிட்டேன். எல்லாவற்றையும். கவுண்டரைத் தாண்டி வந்தது, கார்டைக் காட்டப் போனது, எல்லாம். அந்தப் பக்கம் தையல் மிஷின் ஓடிக்கொண்டிருந்த சத்தம் நின்றது.

"ஏன்டா, ஊருக்கெல்லாம் புத்தி சொல்றவன் தானே நீ?"

"ஆமாக்கா."

"என் மக கையைப் பிடிச்சுக் கூட்டிட்டு வர்றவன் போலீசுக்குப் பயந்து காட்டு வழியா ஒளிஞ்சு வருவானா? அப்படி ஒரு மாமன் எனக்கு வேணாம். நேரா போய் உள்ளதைச் சொல்லு. வர முடிஞ்சா வா. முடியலைன்னா நானே அவளுக்குப் பட்டம் கட்டி விடுறேன்."

போனை வைத்துவிட்டாள். அக்கா என்னை அதட்டியது எனக்குப் புதிதில்லை. அழாமல் அதட்டியதுதான் புதிது.

தபனிடம் வண்டியை நேராக வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்துக்கு விடச் சொன்னேன். அங்கே அதிகாரியாக ஒரு அம்மா, என் வயதுதான் இருக்கும். இந்தியில் பேசினார், தமிழில் சொல்கிறேன். என் பாஸ்போர்ட், ஓ.சி.ஐ. அட்டை, ஐலேண்டர் கார்டு மூன்றையும் மேஜையில் வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். அவர் மூன்றையும் வரிசையாக அடுக்கி, பக்கத்திலிருந்த காவலரைக் கேட்டார்: "இந்த ஆளு லோக்கலா, ஃபாரினரா?"

காவலர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "ரெண்டும் மேடம்," என்றார்.

அம்மா சிரிக்கவில்லை. "ஏர்போர்ட்ல ஏன் நிக்கலை?"

"அது எனக்கான இடம்னு தோணலை மேடம். இங்கேதான் பிறந்தேன்."

"இன்னிக்குக் காலைல எங்கே இருந்தீங்க?"

"ஜிர்கடாங்ல. ரோடு மூடிட்டாங்க."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "எங்க ஆளுங்க இன்னிக்குக் காலைல அங்கேதான் நின்னாங்க. வெளிநாட்டுக்காரங்களைத் தனியாச் சோதிக்கிற நாள். ரோடு திறந்திருந்தா, உங்க கார்டைக் காட்டின அடுத்த நிமிஷம் பிடிச்சிருப்பாங்க. பொய் அட்டையோட காட்டுக்குள்ள நுழையப் பார்த்ததா ரிப்போர்ட் வந்திருக்கும். அப்புறம் நான் எழுதறதுக்கு ஒண்ணும் இருந்திருக்காது. இப்போ நீங்களா வந்து நிக்கறீங்க. அதை நான் எழுதலாம்."

அன்பர்களே, நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டேன். நான் திட்டிய வார்த்தைகள் ஒவ்வொன்றாக ஞாபகத்துக்கு வந்தன. நல்லவேளை, என் குரல் மட்டும்தான் உரக்க இருந்தது. முருகன் செய்தது சத்தமே இல்லாமல் நடந்திருந்தது.

உடனே விட்டுவிடவில்லை. பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொண்டார்கள். மேலே அனுப்பி உத்தரவு வர வேண்டும் என்றார்கள். மறுநாள் காலை முதல் அலுவலக வாசல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். இந்த முறை வேண்டுதல் மாறிவிட்டது. "உனக்கு எது சரியோ அதைச் செய்" என்றேன். சொல்லும்போதே பயமாக இருந்தது. அவன் நிஜமாகவே செய்துவிடுவானே!

மதியத்துக்கு முன்னால் கூப்பிட்டார்கள். எச்சரித்துப் பதிவு செய்து, பாஸ்போர்ட்டைத் திருப்பித் தந்து, மாயாபந்தர் போக அனுமதிக் காகிதம் கொடுத்தார்கள். ஐலேண்டர் கார்டை நானாகவே திருப்பி ஒப்படைத்தேன். அந்த அம்மா அதிலிருந்த என் இளமைப் படத்தை ஒரு கணம் பார்த்தார். "மருமக கல்யாணம் நாளைக்குத்தானே? கிளம்புங்க," என்றார். அதே நேரம் தபன் போனில் கத்தினான்: "ரோடு குல் கயா!" ஒரு பக்கமாக வழி திறந்துவிட்டார்களாம்.

ஜிர்கடாங்கில் இந்த முறை பாஸ்போர்ட்டைக் காட்டினேன். அதைப் பார்த்தவர் காகிதத்தையும் என்னையும் பார்த்து, "அச்சா, ஆப் ஹீ மாமாஜி?" என்றார். ஓ, அந்த மாமா நீங்கள்தானா என்று கேட்கிறார். என் புகழ் எனக்கு முன்னால் அங்கே போய்ச் சேர்ந்திருந்தது.

காலையில் கயலுக்குப் பட்டம் கட்டினேன். முடிச்சுப் போட வரவில்லை. பட்டம் நெற்றியிலிருந்து நழுவி இறங்கியது. "மாமா, நெத்தியில கட்டணும், கண்ணுல இல்ல," என்றாள் அவள். கையைப் பிடித்து மணவறைக்கு அழைத்து வந்தேன். அக்கா ஓரமாக நின்றிருந்தாள். இந்த முறை அழுதாள். எனக்கு எந்த நாட்டில் இருக்கிறேன் என்பதே மறந்துபோயிற்று.

இதுதான் என் சாட்சி. இதற்கப்புறம் நான் மாறியிருக்கிறேன். இந்தியாவில் எந்த விமான நிலையத்திலும் வெளிநாட்டவர் வரிசையில்தான் முதலில் நிற்கிறேன். இரண்டு நாட்டு வரிக் கணக்கிலும் எனக்குச் சாதகமாகத் தோன்றுவதை இரண்டாம் முறை பார்க்கிறேன். வெட்கமாக இருந்தாலும், அடுத்த கூட்டத்தில் முதலில் இந்தக் கதையைச் சொல்லிவிட்டுத்தான் சட்டத்துக்கு வரப்போகிறேன். அப்போது நீங்கள் கொட்டாவி விடமாட்டீர்கள். முருகனிடமும் காப்பாற்று என்று மட்டும் கேட்கிறேன். எந்த ரோட்டில் என்று சொல்லிக்கொடுப்பதில்லை.

உங்களில் யாருக்காவது காகிதத்திலோ, உடம்பிலோ, வீட்டிலோ இப்படி ஒரு கலக்கம் இருந்தால், அவனிடம் போங்கள். உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். நம்பிக் கேளுங்கள். கேட்டது கிடைக்கவில்லையே என்று கோபம் வந்தால் திட்டவும் செய்யுங்கள், அவன் தாங்குவான். ஒரு நாள் மட்டும் பொறுத்துத் திட்டுங்கள்.