ட்ரம்பெட் வரியைத் திருத்தியவன்

போன வாரம் ஒரு மின்னஞ்சல் வந்தது. இசைக் குறியீடு எழுத நான் இத்தனை வருடம் கட்டிக்கொண்டு அழுத மென்பொருளை இனி விற்கப்போவதில்லையாம். ‘உங்கள் நெடுநாள் நட்புக்கு நன்றி’ என்று வேறு எழுதியிருந்தார்கள். முதல் ஆறு வருடத்தைத் திருட்டுப் பிரதியிலேயே ஓட்டிவிட்டு, பிறகுதான் யோக்கியனாகி விலைக்கு வாங்கியவன் நான். அந்த நட்புக்குத்தான் நன்றி. செத்த வீட்டில் சிரிக்கக்கூடாது என்பார்கள். நான் நன்றாகச் சிரித்தேன்.

இந்தச் சாமானைப் பார்த்திராதவர்களுக்குச் சொல்கிறேன். திரையில் ஐந்து கோடு இருக்கும். அதன்மேல் ஒரு குத்துக் குத்தினால் சுரம் ஒன்று வந்து உட்காரும். மேல் அம்புக்குறியைத் தட்டினால் ஏறும், கீழ் அம்புக்குறியைத் தட்டினால் இறங்கும். எல்லாம் முடிந்து ஒரு பொத்தானை அழுத்தினால், எழுதியதை அதுவே வாசித்துக் காட்டும். மூச்சு வாங்காது, எச்சில் தெறிக்காது, பிசகாது. ஒன்றும் தெரியாதவனை வித்துவான் என்று அவனையே நம்பவைக்க இது போதும். நான் ஒரே மாதத்தில் நம்பிவிட்டேன்.

அப்போது பதுளை பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஒரு போட்டோக்கொப்பிக் கடையில் வேலை. சூடான தாளின் வாசனையும் பக்கத்து பேக்கரியின் மீன் அடைத்த மாலு பணிஸ் வாசனையும் சேர்ந்து கடைக்குள் சுற்றும். இன்றைக்கும் மாலு பணிஸைக் கடித்தால் எனக்கு அங்கே அடித்த கல்யாணக் கார்டு ஞாபகம்தான் வருகிறது. முதலாளி பரம்பரைத் துணி வியாபாரி. கணினியைத் தொட்டதில்லை, ஆனால் அதன்மேல் அபார பக்தி. வருகிறவர்களிடமெல்லாம் “தம்பி மியூசிக் படிச்சவர், கம்ப்யூட்டர்லயே போட்டுத் தருவார்” என்பார். நான் படித்தது கோயில் பஜனையில் நாலு வருட ஆர்மோனியம். அதையும் சுருதிப் பெட்டியை விட்டால் வாசிக்க வராது. முதலாளி பீற்றும்போது மறுத்தேனா? கழுத்தில் டை கட்டிக்கொண்டேன்.

அந்தக் கடைக்குத்தான் தவமணி டீச்சர் வந்தார். கொஸ்லந்தப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டப் பாடசாலையில் ஆறு வருடமாக ஆசிரியர் உதவியாளர். பெயர்தான் உதவியாளர், கணக்கு, தமிழ், சமயம் எல்லாம் அவர் தலையில். பாடசாலைக்கென்று ஒரு கீதம் எழுதி மெட்டும் போட்டிருந்தார். அங்கே சங்கீத ஆசிரியர் இடம் ஒன்று காலியாக இருந்தது. ஆண்டு விழாவுக்கு மேலிடத்திலிருந்து வரும் அதிகாரி கீதத்தைக் கேட்டுத் திருப்திப்பட்டால் டீச்சரின் பெயரைச் சிபாரிசு செய்வதாகப் பேச்சு. டீச்சர் ஆர்மோனியம், பிள்ளைகள் பாட்டு. கூட ட்ரம்பெட் ஊத, கொழும்பில் கல்யாண பேண்டில் இருக்கும் பழைய மாணவர்கள் இரண்டு பேர், அண்ணனும் தம்பியும், விழாவன்று காலைதான் வந்து சேர்வார்கள். ஒத்திகைக்கு வழியில்லை. தாளைப் பார்த்துத்தான் ஊதவேண்டும்.

டீச்சர் கொப்பியை விரித்து, கையால் கோடு போட்டு எழுதிய சுரங்களைக் காட்டினார். “தம்பி, ட்ரம்பெட் வரிய மட்டும் அப்படியே போடுங்க. மாத்திறாதீங்க. ஊதுற பையன்கள்ட்ட போன்ல கேட்டு எழுதினது.”

“அதெல்லாம் நான் பார்த்துக்கிறேன் டீச்சர்” என்றேன். இந்த ஒரு வாக்கியத்தால் நாட்டில் எத்தனை வேலை நாசமாகியிருக்கும் என்று யாராவது எழுதினால் நல்லது.

எனக்கு ஆர்மோனியம் மட்டும்தான் பழக்கம் என்பதால் எல்லா வரிக்கும் பியானோ சத்தத்தையே வைத்து ஏற்றினேன். வாசிக்க விட்டால் காது கூசியது. ட்ரம்பெட் வரி முழுக்க ஆர்மோனியத்தைவிட ஒரு சுரம் ஏறி நின்றது. ‘பாவம், தோட்டத்து டீச்சர், பிழையாக எழுதிவிட்டார்’ என்று எனக்கு ஒரே இரக்கம். அந்த இரக்கத்தை இன்று நினைத்தால் என்னை நானே அறையத் தோன்றுகிறது. வரி முழுவதையும் தேர்ந்தெடுத்தேன், தட்டுக்கு அரைச் சுரம் என்று கீழ் அம்புக்குறியை இரண்டு தட்டுத் தட்டினேன். தேனாக ஒலித்தது. முதலாளி கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, “கம்ப்யூட்டர் பொய் சொல்லுமா?” என்றார்.

ட்ரம்பெட் என்பது, தாளில் எழுதியதைவிட ஒரு சுரம் கீழே ஒலிக்கும் வாத்தியம். அதனால்தான் டீச்சர் ஒரு சுரம் தூக்கி எழுதியிருந்தார். கல்யாண வீட்டில் ஊதுகிற பையனுக்கும் தெரிந்த சங்கதி இது. டை கட்டிய எனக்குத் தெரியாது.

விழாவன்று இரண்டாம் வரிசையில் எனக்கு நாற்காலி போட்டிருந்தார்கள். கீதம் என்றதும் எல்லோரும் எழுந்து நின்றோம். முதல் அடியிலேயே நாராசம். பாடசாலை கீதத்துக்கு எழுந்தால் அசையக்கூடாது. சிரிக்க முடியாது, உட்கார முடியாது, காதைப் பொத்த முடியாது. அண்ணன்காரன் இரண்டாவது அடியில் ஊதுவதை நிறுத்திவிட்டான். தம்பி தாளை நம்புகிறவன், கடைசிவரை ஊதினான். பிள்ளைகள் எந்தச் சுருதியைப் பிடிப்பதென்று தெரியாமல் ஒவ்வொருவராக வாயை மூடினார்கள்.

முடிந்ததும் டீச்சர் ட்ரம்பெட் தாளை எடுத்துப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

அதிகாரி ஒலிவாங்கியைப் பிடித்தார். தொண்டைக்கட்டுக்கும் ராகத்துக்கும் வித்தியாசம் தெரியாத மனிதர். “டீச்சருக்கும் சுருதிக்கும் கொஞ்சம் கோபம் போல இருக்கு” என்றார். அவரோடு வந்தவர்கள் சிரித்தார்கள். டீச்சர் இன்னும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். ‘பிழை என்னுடையது சேர்’ என்று நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். நான் குனிந்து சப்பாத்துக் கயிற்றைக் கட்டினேன். அது அவிழ்ந்திருக்கவே இல்லை.

தேநீரின்போது டீச்சரே என்னிடம் வந்தார்.

“மாத்த வேணாம்னு சொன்னேனே தம்பி.”

“கம்ப்யூட்டர்ல சரியாத்தான் இருந்திச்சு டீச்சர்.”

“கம்ப்யூட்டரா வந்து ஊதினிச்சு?”

அவ்வளவுதான் கேட்டார். சங்கீத ஆசிரியர் இடத்துக்கு வெளியிலிருந்து யாரோ வந்தார்கள். டீச்சர் அடுத்த வருடமே வேலையை விட்டுவிட்டு, கல்யாணமாகி வெலிமடைக்குப் போய்விட்டதாகக் கேள்விப்பட்டேன். புருஷன் வீட்டில் லீக்ஸ் மரக்கறித் தோட்டமாம்.

பதாகை ஒன்றுக்கு அளவெடுக்கப் போன மாதம் அந்தப் பாடசாலைக்குப் போனேன். புதுக் கட்டடம், புது அதிபர். காலைக் கூட்டத்தில் யாரோ கைத்தொலைபேசியை ஒலிபெருக்கியில் மாட்டினார்கள். பியானோவில் பாடசாலை கீதம் வந்தது. அன்றைக்கு நான் தாள்களோடு இலவசமாகக் கொடுத்த ஒலிப்பதிவு! துளியும் சுருதி பிசகாத என் திருத்தம். பிள்ளைகள் கையைக் கட்டி, வாயை மூடி நின்றார்கள்.

“பிள்ளைங்க பாட மாட்டாங்களா சேர்?” என்று அதிபரிடம் கேட்டேன்.

“அதான் மியூசிக் போகுதேங்க” என்றார். பிறகு உண்மையாகவே ஆச்சரியப்பட்டு, “இதுக்குப் பாட்டு வரி இருந்திச்சுங்களா?” என்றார்.

இருந்தது. பல்லவியும் நாலு சரணமும். சுரத்துக்குக் கீழே வரிகளையும் ஏற்றலாம். நேரம் பிடிக்கும் என்று நான்தான் விட்டுவிட்டேன். கொப்பியையும் திருப்பிக் கொடுக்கவில்லை. கடை மாறியபோது பழைய தாள்களோடு போய்விட்டது. எனக்கு ஒரு வரிகூட ஞாபகமில்லை. இனி அந்தப் பாட்டு முழுதாக இருக்கிறதென்றால் டீச்சரின் நினைவில்தான்.

வெலிமடைக்குப் பதுளையிலிருந்து ஒரே பஸ். போனால், வரிகளைக் கேட்கும் முன்னால் அன்றைக்கு மேடைக்குக் கீழே நின்று சொல்லாததைச் சொல்லவேண்டும். நான் இன்னும் போகவில்லை.