காமன் எரியாத வருஷம்

மழை பெய்கிறது என்றால்கூட எங்கப்பா "எங்கே பெய்யுது?" என்பார். நனைந்துகொண்டே கேட்பார்.

அப்பேர்ப்பட்டவருக்கென்றே ஒரு பண்டிகை இருந்தது: மாசி மாதத்துக் காமன் பண்டிகை. தவத்தில் இருந்த சிவன் மேல் மன்மதன் மலர் அம்பு விட்டான். அவர் நெற்றிக்கண்ணைத் திறந்தார், மன்மதன் சாம்பல். ரதி அழுது மன்றாடியதும், அவள் கண்ணுக்கு மட்டும் தெரியும்படி புருஷனைத் திருப்பிக் கொடுத்தார். கதை அவ்வளவுதான். ஆனால் அவன் எரிந்தானா, எரியவில்லையா என்று எஸ்டேட்டே இரண்டு கட்சியாகப் பிரிந்து லாவணி பாடும். பதில் பாட்டு வராதவர் கையில் தட்டிப் பாடும் வட்டத் தோல் மேளமான டேப்பைத் தரையில் வைத்துவிட வேண்டும். அப்பா எரிந்த கட்சி. அவர் டேப்பைத் தரையில் வைத்து யாரும் பார்த்ததில்லை. வீட்டில்கூட ஆணியில்தான் மாட்டுவார், அந்தப் பெருமைக்காரர்.

ஜப்பான்காரன் மலாயாவைப் பிடித்திருந்த காலத்திலும் பகாவ் பக்கத்து எங்கள் ரப்பர் எஸ்டேட்டில் பண்டிகையை விடவில்லை. அதன் கோலத்தை மட்டும் கேட்காதீர்கள்! ராத்திரியில் தீ மூட்டக் கூடாது என்று உத்தரவு. அதனால் காமனைப் பட்டப்பகலில் எரித்தோம். வைக்கோலுக்குப் பதில் லாலாங் புல். நல்ல சேலை எந்த வீட்டிலும் இல்லை. ரதி வேஷம் கட்டிய ஆள் சாக்கைச் சுற்றிக்கொண்டு, புருஷனுக்காக அழுவதா, அரிப்பைச் சொறிவதா என்று தெரியாமல் நின்றார். விருந்து, வேறென்ன, மரவள்ளிக்கிழங்குதான்.

மன்மதனுக்குத்தான் ஆள் இல்லை. வருஷா வருஷம் அந்த வேஷம் கட்டியவர் பக்கத்து வீட்டு மாமா. அவரைச் சயாமுக்கு ரயில் பாதை போட லாரியில் ஏற்றிக்கொண்டு போயிருந்தார்கள். அங்கிருந்து தப்பி வந்த ஒருவன், மாமா காலராவில் போய்விட்டதாக யாரோ சொன்னதாகச் சொன்னான். அன்றிலிருந்து எங்கள் லயத்து வரிசை வீட்டுப் பெண்கள் அவர் மனைவியைப் பிடித்துக்கொண்டார்கள். பொட்டை அழி, தாலியைக் கழற்று என்று ஒரே நச்சரிப்பு. அத்தை மாட்டேன் என்றுவிட்டாள். எனக்கு அந்தப் பெண்கள் மேல் அப்படி ஓர் ஆத்திரம்.

தீ அணைந்ததும் லாவணி தொடங்கியது. அப்பா பழைய ஜோரில் டேப்பைத் தட்டி, கீழே கிடந்த சாம்பலைக் காட்டி, கண்ணெதிரே கிடக்கிறதே, இதற்கு மேல் என்ன சாட்சி என்று பாடி முடித்தார். எதிர்க்கட்சிக்காரர் தொண்டையைக் கனைத்துக்கொண்டிருந்தார். அதற்குள் கூட்டத்திலிருந்து அத்தை எழுந்தாள். லாவணியில் பொம்பளைகள் வாய் திறக்கும் வழக்கமே இல்லை. அவள் பாடவும் இல்லை, பேச்சாகவே கேட்டாள்.

"அண்ணே, இது லாலாங் சாம்பல். அவர் எரிஞ்சதை நீங்க பாத்தீங்களா?"

எந்த அவர் என்று எல்லோருக்கும் புரிந்துவிட்டது.

"ஐயோ, இன்னிக்காவது வாயை வச்சுக்கிட்டு சும்மா இருங்களேன்," என்று அம்மா முணுமுணுத்தாள்.

அப்பா வாயைத் திறந்தார். "இல்லம்மா, நான் பாக்கல," என்றார். "அவரு எரியல."

டேப்பைத் தரையில் வைத்தார். ஜெயித்த கட்சியில் ஒருவர்கூடக் கை தட்டவில்லை. அன்று சாப்பிடும்போது, "தோத்துட்டு வந்திருக்காரு பெரிய பாட்டுக்காரரு," என்று கேலி செய்துகொண்டே அம்மா அவருக்குப் பெரிய கிழங்காகப் பார்த்து எடுத்து வைத்தாள்.

ஜப்பான்காரன் சண்டை முடிந்தது. சயாமுக்குப் போனவர்களில் சிலர் எலும்பும் தோலுமாகத் திரும்பினார்கள். மாமா வரவில்லை. அத்தை கடைசிவரை பொட்டை அழிக்கவும் இல்லை. அழிக்கச் சொல்லி வருகிறவர்கள் எங்கள் வீட்டைத் தாண்டித்தான் அவள் வீட்டுக்குப் போக வேண்டும். வாசலில் எங்கப்பா உட்கார்ந்திருப்பார்.